வரிசையாக ஆறு ரைஸ் குக்கர்

ஆறு பேர் தனித்தனியாக வாடகை கொடுத்து ஒரே வீட்டில் இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது வீடல்ல, போர்டிங் ஹவுஸ். அதற்குத் தீ, கதவு, காற்றோட்டம் என்று வேறு விதிகள். ஆக்லாந்தின் லின்ஃபீல்ட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அந்த ஆறாவது ஆள் நான். என் அறை, காருக்காகக் கட்டிய கராஜ். சுவரெல்லாம் பூஞ்சணம், ஓயாத இருமல். ஆனாலும் ஊரின் மறுகோடியில், பாட்டனி டவுன்ஸில் ஒரு கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, பஸ் மாறி மாறி வந்து விழ எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

பக்கத்து வீட்டார் புகார் கொடுத்து நகரசபை இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்றதும் வீட்டுக்கார அக்கா ஓடி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; வீட்டுக்கு வாங்கிய மோர்ட்கேஜ் கடன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, கட்டிலைக் கழட்டி வையுங்கோ. ஆர் கேட்டாலும் ஒரே குடும்பம் எண்டு சொல்லுவம். பிடிபட்டா உங்களைத்தான் அனுப்ப வேண்டி வரும்."

"சரிக்கா," என்றேன். இந்த வாடகைக்கு ஆக்லாந்தில் நாய்க்கூண்டுகூடக் கிடைக்காது.

கட்டிலைக் கழற்றினோம். என் துணிமணி அக்காவின் கார் டிக்கிக்குள் போனது. புல்வெட்டும் மெஷினைக் கராஜின் நடுவே நிறுத்தினோம். இன்ஸ்பெக்டர் அம்மாள் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். "ஒரே குடும்பம்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கவும், இன்ஸ்பெக்டர் சமையலறையில் கால் வைக்கவும் சரியாக இருந்தது.

அங்கே ஒரே மல்டிபிளக்கில் ஆறு ரைஸ் குக்கர் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. சைவக்காரருக்கு ஒன்று, சிவப்பரிசிக்கு ஒன்று, மலேசியாக்காரரின் தேங்காய்ப்பால் சோற்றுக்கு ஒன்று. அவரவர் சோறு அவரவர் குக்கரில். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். மறைக்க வேண்டிய பொருளாக ஒருவர் கண்ணிலும் படவில்லை.

"பெரிய குடும்பம்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். கிண்டல் இல்லை, அலுப்புதான். பிறகு கராஜைத் திறந்து கூரையைப் பார்த்தார். புகை அலாரம் இல்லை.

"இங்கே யாராவது தூங்கினால் உயிருக்கே ஆபத்து."

அப்போது பார்த்துத்தானா எனக்கு இருமல் வரவேண்டும்! அடக்க அடக்க வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

அந்த வாரமே அக்கா கண்கலங்கி வந்து நின்றார். "கராஜில ஆள் இருக்கக் கூடாதெண்டு கடிதம் வந்திட்டுது. குறை நினைக்காதேங்கோ தம்பி."

அவர்மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை. விதியிலும் தப்பில்லை; எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறார்கள். சோறு ஆறும் முன்பே குக்கரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். பஸ் வந்து நின்றது. எங்கே போக வேண்டும் என்று டிரைவர் கேட்டார்.