எந்தக் கன்னத்தில் அடக்குகிறீர்கள்?

போன வாரம் என் நாத்தனார் லூர்து பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் வாயைத் திறந்தாள். அவளை அங்கே அனுப்பியது நாட்டு வைத்தியர் அல்ல, கோயில் சாமியார் அல்ல... ஒரு கணக்கு வாத்தியார்!

கணக்கு வாத்தியாருக்கும் கன்னத்துக்கும் என்ன சம்பந்தம்? நானும் அதைத்தான் கேட்டேன்.

சாந்தோம் கரையிலிருந்து நானும் லூர்துவும் மீன் கூடையோடு கிளம்பி, பாலம் தாண்டி அடையாறு போவோம். இரண்டு பேர் வாயிலும் புகையிலை இருக்கும். அது இல்லாமல் அவ்வளவு தூரம் யார் நடப்பது? அடையாற்றில் ஒரு காலேஜ் கணக்கு வாத்தியார் வீட்டில் செவ்வாய்க்கிழமை தவறாமல் மீன் வாங்குவார்கள். மழை விட்ட ஒரு காலை, அவரே வாசலுக்கு வந்தார். கையில் நோட்டுப் புத்தகம்.

"ஏம்மா, நீங்க புகையிலையை எந்தக் கன்னத்துல அடக்குறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. உலகச் சண்டை முடிந்தும் ரேஷன் முடியாத காலம் இது. நோட்டோடு வருகிறவன் எவன் நல்லதுக்கு வந்திருக்கிறான்?

"இன்னா நைனா, இதுக்கும் கார்டு போடப் போறாங்களா?"

சிரித்தார். அவருடைய சிநேகிதர் ஆஸ்பத்திரி டாக்டராம். புகையிலை தங்குகிற இடத்திலேயே ஏன் புற்று வருகிறது, ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு ஏன் வருவதில்லை — இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறார்களாம். எத்தனை வருஷம், நாளைக்கு எத்தனை தடவை, எந்தப் பக்கம்... எல்லாம் வேண்டுமாம்.

"இடது" என்றாள் லூர்து. நான் முறைத்ததைப் பார்க்கவில்லை. அதோடு நின்றாளா? "அங்க வெள்ளையா ஒண்ணு தடிச்சிக்கினு கீது சார். காரம் பட்டா எரியுது."

என்னிடமே சொல்லாத சங்கதி!

வாத்தியார் முகம் மாறிவிட்டது. நோட்டில் சின்னச் சின்ன வட்டங்களை வரிசை வரிசையாக அடுக்கினார்.

"கன்னத்து உள்தோல் அடுக்கடுக்கா இருக்கும்மா. அடி வரிசைதான் பெருகும். புதுசு வர வர, பழசு மேல போய் உதிர்ந்துடும். கெடுதல் மேல் வரிசையில விழுந்தா, அதுவும் சேர்ந்து உதிரும். அடி வரிசையில விழுந்தா? அங்கேயே தங்கி, கெட்டதாவே பெருகும். புகையிலை மேல அரிக்க அரிக்க, அடி வரிசை ஓயாம பெருகியாகணும். பெருகுற ஒவ்வொரு தடவையும் ஒரு தப்பு நடக்க இடமிருக்கு. அதைத்தான் கணக்குப் போடறேன்."

"நம்ம கூடை மாதிரின்னு சொல்லு" என்றேன். "மேல கீற மீனு வித்துப் பூடும். அடியில கெடக்கறதுதான் நாறும்."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்... ஆனாலும் விடுவேனா?

"சரி, இவளுக்குப் புத்து வருமா, வராதா? ஒரே வார்த்த."

"அது கணக்குல தெரியாதும்மா. எத்தனை பேருக்கு வரலாம்னு சொல்லலாம். யாருக்குன்னு சொல்ல முடியாது. இவங்க உடனே டாக்டர்கிட்ட காட்டணும்."

பார்த்தீர்களா? யாருக்கு என்று சொல்லத் தெரியாத கணக்கு என்ன கணக்கு? ஆஸ்பத்திரிக்கு மட்டும் உடனே போகவேண்டுமாம்! ஆள் பிடித்துக் கொடுக்கிறவர் என்று முடிவு கட்டினேன்.

திரும்பும்போது பாலத்தில் லூர்து நின்றுவிட்டாள். "கன்னத்த அறுத்துடுவாங்களா அண்ணி? வாய் கோணிக்கினா நான் எப்டி கூவி விக்கறது?"

புருஷன் இல்லாதவள். அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு.

"எவன் அறுப்பான்? இடது கன்னம்தானே தகராறு? வலதுக்கு மாத்திக்கோ. இது தானா ஆறிப்பூடும்."

அவளுக்குத் துணையாக நானும் வலதுக்கு மாற்றிக்கொண்டேன். படித்தவனை அவன் கணக்கை வைத்தே மடக்கிவிட்ட சந்தோஷம் எனக்கு!

ஒரு மாதம் போயிற்று. லூர்து "வஞ்சிரம்" என்று ஆரம்பித்தால், கன்னத்து எரிச்சலில் கூவல் பாதியில் நின்றது. அடையாற்று வாசலில் வாத்தியார் அவளையே பார்த்தார். நான் முந்திக்கொண்டு என் வித்தையைச் சொன்னேன்.

கோபித்துக்கொள்ளவில்லை அந்த மனிதர். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பழைய வட்டங்களுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு அடுக்கு வட்டம் போட்டார்.

"இடது பக்கத்து அடி வரிசை, பட்டதை மறக்காதும்மா. இப்ப வலதுலயும் ஆரம்பிச்சுட்டீங்க. ஒரு கூடை நாறினது போதாதுன்னு ரெண்டாவது கூடையா?"

என் கூடையை எடுத்து என் தலையிலேயே வைத்துவிட்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு டிராம் ஏறினோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, அரிசி அளவு சதை கிள்ளி எடுத்தார். அவர் கையில் கத்தி ஏதும் இருக்கிறதா என்று நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று முடிவு சொன்னார்: புற்று இன்னும் இல்லை. ஆனால் அந்த வழியில் கிளம்பிவிட்டது. வெள்ளையை மட்டும் எடுத்துவிடலாம். புகையிலையை இன்றோடு விடவேண்டும்.

"கூவலாமா சார்?" லூர்துவுக்கு வேறு கேள்வியே இல்லை.

"ஊரைக் கூட்டலாம்" என்றார் டாக்டர். ஒரு மாதத்துக்கப்புறம் அவள் சிரித்தாள்.

டார்ச் என் பக்கம் திரும்பியது. "உங்களுக்கு எப்படி?"

எனக்கு ஒன்றும் கிடையாது என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்ல முடியவில்லை... வலது கன்னத்தில் புகையிலை உருண்டை!

"துப்பு அண்ணி" என்றாள் லூர்து.

துப்பினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் இல்லை, இனி அடக்காதே, ஆறு மாதத்தில் மறுபடி வா என்றார்.

ரேஷன்காரனைச் சந்தேகப்பட்டேன், வாத்தியாரைச் சந்தேகப்பட்டேன், டாக்டர் கையைக்கூடச் சந்தேகப்பட்டேன் — இந்த ஐம்பது வருஷத்தில் என் கன்னத்தை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை!