கீறல் விழாத கைப்பேசி

பீடோங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டம் அந்த வேலையை ஒரு குத்தகைக்காரனிடம் விட்டது. அவன் தன் லாரிகளோடும் தன் ஆட்களோடும் வந்து இறங்கினான். எங்களைக் கைகுலுக்கி வழியனுப்பினார்கள். நானும் மனைவியும் சுங்கைப் பட்டாணியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தோம். அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எனக்குக் கடைகளிலிருந்து சாப்பாடு வாங்கிக்கொண்டுபோய் வீடுகளில் கொடுக்கும் வேலை. வேலை என்றால் முதலாளி கிடையாது, மேசை கிடையாது. கைப்பேசியில் ஒரு செயலி, அவ்வளவுதான். அது கூப்பிட்டால் ஓட வேண்டும்.

பழைய கைப்பேசி பிளாஸ்டிக். ஒருநாள் பீடோங் சாலைச் சந்திப்பில் என் சட்டைப் பையிலிருந்து நழுவி விழுந்தது. பின்னால் வந்த வேன் ஏறிப்போனதும் பொறுக்கி எடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று மாலையே மனைவி என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மலிவா வாங்கி வாங்கி ஒடைக்கிறதுக்கு ஒரேயடியா நல்லதா வாங்கிருங்க" என்றாள். கடையில் இருந்த பெண் ஒரு கைப்பேசியை எடுத்து அதன் விளிம்பை நகத்தால் தட்டிக்காட்டினாள். அலுமினியச் சட்டம். ணங் என்று சன்னமாக ஒரு சத்தம் வந்தது.

"இது வளையாதுண்ணே. இதுமேல இந்த கேசிங்கையும் போட்டுட்டா மாடியிலேருந்து விழுந்தாலும் ஒன்னும் ஆவாது."

கேசிங் கறுப்பாக, தடியாக இருந்தது. நான்கு மூலைகளிலும் ரப்பர் புடைத்துக்கொண்டிருந்தது. போட்ட பிறகு கைப்பேசி ஒரு சின்னச் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. மாதத் தவணையில் வாங்கினோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

என்னுடையது கப்சாய் என்று நாங்கள் சொல்லும் சின்ன மோட்டார் சைக்கிள். வயதான இயந்திரம். நின்றால் நடுங்கும், ஓடினால் இன்னும் நடுங்கும். வழிகாட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பதால் கைப்பிடியில் ஒரு இரும்புக் கவ்வியை மாட்டி அதில் கைப்பேசியை இறுக்கி வைத்துவிட்டேன். காலையிலிருந்து இரவுச் சாப்பாட்டு நேரம் வரை அது அங்கேயே இருக்கும்.

தொல்லை முதலில் சூட்டில்தான் வந்தது. மத்தியான வெயிலில் சட்டம் கொதிக்கும். தடித்த கேசிங் அந்தச் சூட்டை வெளியே விடாது. திரை மங்கும், பிறகு சூடாகிவிட்டேன் என்று ஒரு வரி காட்டிவிட்டு அணைந்துபோகும். கையில் யாருடைய சாப்பாடோ இருக்கும், எந்த வீட்டுக்கு என்று தெரியாது. அப்படியே ஒரு மரத்தடியில் நிறுத்தி, வாடிக்கையாளர் கேட்டிருந்த ஐஸ் தேநீர்ப் பொட்டலத்தின் மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்து உட்கார்ந்திருப்பேன். குளிர்ந்ததும் மறுபடி ஓடுவேன்.

இருந்தாலும் எனக்கு அதன்மேல் ஒரு பெருமை இருந்தது. மழைநாளில் ஒரு வளைவில் சறுக்கி விழுந்தேன். கவ்வி உடைந்து கைப்பேசி பறந்துபோய் நடைபாதை விளிம்பில் மோதியது. என் கால்சட்டை முட்டியில் கிழிந்து சதையும் கிழிந்தது. எதிர்க்கடையிலிருந்து ஓடிவந்த ஆள் என்னைத் தூக்குவதற்கு முன்னால் கைப்பேசியைத்தான் எடுத்துப் பார்த்தார்.

"போன் ஓக்கே லா!" என்றார் சந்தோஷமாக.

உண்மைதான். கேசிங்கின் ஒரு மூலையில் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் சட்டத்தில் ஒரு கீறல் இல்லை. உணவுக்கடை வாசலில் காத்திருக்கும் மற்ற ரைடர்களிடம் அதைக் கழற்றிக் கழற்றிக் காட்டினேன். மனைவிக்கும் காட்டினேன். அவள் என் முட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு போட்ட கேசிங்க உங்களுக்கும் ஒன்னு வாங்கிப் போட்டுருக்கணும்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்துக் கேமராவைத் திறந்தால் வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. படம் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிந்தது. எங்கள் வேலையில் படம் முக்கியம். வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் வீடுகளில் பொட்டலத்தைப் படமெடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். கொடுத்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

பாசார் சந்தைப் பக்கத்தில் கைப்பேசி பழுதுபார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். அவர் கேசிங்கைக் கழற்றி, சட்டத்தை விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுசு மாதிரி வச்சிருக்கீங்கண்ணே. எத்தன தடவ விழுந்துச்சு?"

"ஒரு தடவ. அதுல ஒன்னும் ஆவல."

"இது விழுந்ததால வந்தது இல்ல. எங்க மாட்டி ஓட்டுறீங்க? மோட்டர் ஹேண்டில்லயா?"

"ஆமா."

"அதான்." கேமராக் கண்ணாடியை விரலால் தொட்டார். "இதுக்குள்ள லென்ஸு சின்ன ஸ்பிரிங்குல தொங்கிட்டு இருக்கு. கை ஆடுனா படம் ஆடாம இருக்கறதுக்கு. நீங்க நாள் முழுக்க இஞ்சின் ஆட்டத்துல வச்சிருக்கீங்க. மெட்டல் சட்டம் எதையும் தாங்கிக்காதுண்ணே, வர்ற ஆட்டத்த அப்படியே உள்ள அனுப்பிரும். ஸ்பிரிங்கு போயிருச்சு."

"இவ்ளோ தடியா கேசிங் போட்ருக்கேனே."

"கேசிங்கு விழுறதுக்குண்ணே. ஆடுறதுக்கு இல்ல."

ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும் ரப்பர் வைத்த கவ்வி விற்கிறார்கள் என்றும் சொன்னார். விற்ற கடையில் இதை யாரும் சொல்லவில்லை. கேமராவை மாற்ற அவர் சொன்ன தொகை தவணை முடியாத எனக்கு அதிகமாகப் பட்டது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன். மங்கலான படங்களைச் செயலி மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. என்ன நிறம் என்று தெரியாத வாசல் கதவுகள், உருகி வழியும் பொட்டலங்கள். எவரும் கேட்கவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம். ஆட்டு பிரியாணி, குடும்பத்துக்குப் போதுமான அளவு. போக வேண்டிய வீடு தாமான் என்று நாங்கள் சொல்லும் புதிய குடியிருப்பு ஒன்றில். முகவரியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் என்னோடு வளர்ந்த ஒருவன் வீடு. அவனும் நானும் ஒரே வரிசை வீடுகளில் பிறந்து ஒரே தமிழ்ப்பள்ளிக்குப் போனவர்கள். அவன் படித்து ஒரு தொழிற்சாலையில் அதிகாரியாகி இந்த வீட்டை வாங்கினான். அவன் அப்பா இறந்தபோது பாடையைத் தாங்கிய தோள்களில் ஒன்று என்னுடையது. இதற்கு முன்பும் பல தடவை அவன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருக்கிறேன். உள்ளேயிருந்து கையாட்டுவான்.

அன்று வழியில் ஓரிடத்தில் தண்ணீர் நின்று போக்குவரத்து நகரவில்லை. தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். இரும்புக் கதவில் மாட்டிவிட்டுப் போகும்படி குறிப்பு இருந்தது. மாட்டினேன். கூப்பிட்டுப் பார்த்தேன், தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. படமெடுத்து ஏற்றிவிட்டு அடுத்த கடைக்குப் போனேன்.

மறுநாள் காலை செயலியைத் திறந்தால் என் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. சாப்பாடு வந்து சேரவில்லை என்று வாடிக்கையாளர் புகார். நான் ஏற்றிய படம் தெளிவாக இல்லை, ஆகவே ஒப்படைத்ததற்குச் சான்றாக ஏற்க முடியாது. அந்தப் படத்தையும் கீழே போட்டிருந்தார்கள். பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கோடுகள், நடுவில் ஒரு வெள்ளைக் கறை. எனக்கே அது பிரியாணி என்று தெரியவில்லை.

பேசுவதற்கு ஆள் கிடையாது. எதை எழுதினாலும் ஒரே பதில் திரும்பி வந்தது. கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னடா காலையிலேயே?"

"நேத்து பிரியாணி கெடைச்சுதா?"

தண்ணீர்க் குழாயை மூடினான். "கெடைச்சுது. ஆறிப்போய்க் கெடைச்சுது. பிள்ளைங்க முனகிக்கிட்டேதான் சாப்டுச்சுங்க."

"கெடைக்கலன்னு போட்ருக்க."

அவன் கொஞ்சம் சிரித்தான். "நீதான் கொண்டு வந்தியா? நான் பேர பாக்கலடா. ஆறிப்போச்சுன்னு போட்டா வெறும் வவுச்சர் குடுத்து ஏமாத்துவானுங்க. கெடைக்கலன்னு போட்டாதான் முழுசா திருப்பிக் குடுப்பானுங்க. கம்பெனி காசுதான? ஒன் பையிலேருந்தா போவுது?"

"என் கணக்க மூடிட்டானுங்கடா."

அவன் முகம் மாறியது. அதை நான் மறைக்க மாட்டேன், உண்மையாகவே மாறியது. "தொறந்துருவானுங்க லா. கொஞ்சம் பொறு."

"நீ ஒரு வரி எழுது. சாப்பாடு வந்துருச்சுன்னு. இப்பவே, என் முன்னாலயே எழுது."

கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தான். என்னுடையதைவிட விலை கூடியது. கேசிங் இல்லை. சட்டம் வெயிலில் மின்னியது. மேசைமேலும் கார் இருக்கையிலும் கிடக்கும் கைப்பேசிக்கு எதற்குக் கேசிங். திரையைத் தொட்டான், ஏதோ படித்தான், மறுபடி பையில் போட்டுக்கொண்டான்.

"இப்ப மாத்திப் போட்டா நான் பொய் சொன்னேன்னு ஆயிரும்டா. என் கணக்கயும் மூடிருவானுங்க. வீட்டுல ரெண்டு பேரும் வேலக்கிப் போறோம், அத நம்பித்தான் சாப்பாடே நடக்குது."

அவன் பணப்பையை எடுத்தான்.

"அந்த பிரியாணி காச நான் குடுத்துர்றேன், வச்சிக்க."

"எனக்கு பிரியாணி காசு வேணாம்டா. என் வேல வேணும்."

அவன் மனைவி கதவுக்கு வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். முன்பெல்லாம் "உள்ள வாங்கண்ணே, தண்ணி குடிங்க" என்பாள். நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். அவன் செய்ததைவிட நான் அவனிடம் கத்தாமல் வந்ததுதான் அவளை எரித்தது.

"தெரு கேக்கற மாதிரி கேட்ருக்கணும் நீங்க. அந்த தாமான்ல எல்லாருக்கும் தெரியட்டும்."

"கத்துனா கணக்கு தொறந்துருமா?"

"தொறக்காது. அவனுக்காவது வலிக்கும்."

அவள் சொன்னது சரி என்று இன்றைக்கும் படுகிறது. ஆனால் அந்த வாசலில் நின்றபோது எனக்குக் கோபத்துக்கு முன்னால் வந்தது வெட்கம். தப்பு செய்தவன் நான் போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் வெளியே வந்தேன். ஏன் என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். மங்கிப்போன அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நின்றதாலோ என்னவோ.

பிறகு கேமராவை மாற்றினேன். பழுதான பழைய கேமராவையும் அந்தத் தம்பி கொடுத்த ரசீதையும் புதுக் கேமராவில் தெளிவாகப் படமெடுத்துச் செயலிக்கு அனுப்பினேன். சாதனத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது ரைடரின் பொறுப்பு என்று பதில் வந்தது. அதோடு அந்தக் கதவும் மூடியது. கைப்பேசி சும்மா வீட்டில் கிடக்கத் தொடங்கியது. விற்கலாம் என்று கொண்டுபோனால் பார்த்த ஒவ்வொருவரும் சட்டத்தைத் தடவிப் பாராட்டினார்கள். இப்போதுதான் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கிறது என்றார்கள். உள்ளே கேமரா மாற்றியது என்று சொன்னதும் விலையைப் பாதியாக்கினார்கள். விற்கவில்லை. தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறேன். பெண்களை ஏற்றி இறக்குகிறேன். சம்பளம் குறைவு, ஆனால் யாரும் என்னைப் படமெடுத்து நிரூபிக்கச் சொல்வதில்லை.

போன வருடம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனோம். தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் சில குடும்பங்கள்தான். திருவிழாவுக்கு மட்டும் எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவார்கள். சாப்பாட்டுப் பந்தியில் சாம்பார் வாளியை என் கையில் கொடுத்தார்கள். பரிமாறிக்கொண்டே வந்தேன். வரிசையின் நடுவில் அவன் குடும்பத்தோடு இலை போட்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் இலையில் ஊற்றினேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னுமாடா கோவம்? அது என்ன அவ்ளோ பெரிய விஷயமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன விஷயம் என்று ஒருவர் கேட்டார். "ஒன்னும் இல்லண்ணே, ஒரு பிரியாணி சண்ட" என்று அவன் சொன்னான். அவர்கள் சிரித்தார்கள். பந்தியின் அந்தக் கோடியில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தாள்.

சாமி சோற்றுக்கு நடுவில் என்ன பேசுவது. "சின்ன விஷயம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன். நான் வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, அவன் கையை உயர்த்தி இன்னொருவரிடம் மறுபடி சோறு கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.