மகள் படுக்க ஒரு மடக்குத் தொட்டில்

என் மகள் ஏழு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டாள். இருபத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அதில் இரண்டு முறை மூச்சுவிட மறந்தாள். மறந்தாள் என்றுதான் அங்கிருந்த டாக்டரம்மா சொன்னார். குறைமாதக் குழந்தைகள் தூக்கத்தில் அப்படி மறந்துபோவது உண்டு, உள்ளங்காலைச் சுண்டினால் நினைவு வந்துவிடும் என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது இனி பயமில்லை என்றார். ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். படுக்கை கெட்டியாக, சமமாக இருக்க வேண்டும். தலையணையோ சுருட்டிய துணியோ பக்கத்தில் இருக்கக் கூடாது. புடவைத் தூளி இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். தூளியில் உடம்பு வளையும், தாடை நெஞ்சில் இடிக்கும், மூச்சு போகிற வழி அடைபடும்.

நான் ஆரம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வார நாட்களில் அம்மா வீட்டில் இருப்பேன். கணவருக்குக் கடலை ஒட்டிய ஏரிக்குள் மணல்திட்டில் இருக்கும் ஊர். அவருக்கு அங்கே படகும் வலையும். கல்யாணம் ஆனதிலிருந்து சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்து சுண்ணாம்புக்குளம் போய் இறங்கி, படகுத்துறை வரை நடந்தால், அவர் படகோடு நின்றுகொண்டிருப்பார். குழந்தை பிறந்த பிறகு மூன்று மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவர்தான் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து இரும்புக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். பேத்தியை அவர் போனில் பார்த்ததோடு சரி. ஒரு நாள் கணவர் என்னிடம், "நைனா போனை மூஞ்சிகிட்டயே வெச்சிக்கினு இருக்காரு. குடுக்க மாட்டேன்றாரு" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. போகாமல் இருக்க முடியாது என்று எனக்கும் தெரிந்தது.

போனால் குழந்தையை எங்கே படுக்கவைப்பது? அந்த வீட்டில் இருந்த ஒரே கட்டில் மாமனாருடையது. தரையில் ஈரம் ஊறும், பூரான் வரும். அதனால் அவள் படுக்கையை நான்தான் கூடவே தூக்கிப் போக வேண்டும். பஸ்ஸில் தனியாக, ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் துணிப்பை. இதற்கு மேல் எவ்வளவு சுமக்க முடியும் என்று பார்க்க, குழந்தையோடும் துணிப்பையோடும் அரிசிப் பை ஒன்றையும் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்து பார்த்தேன். மூன்று கிலோ வரை சமாளித்தேன். ஐந்து கிலோவில் தோள் இறங்கி, குழந்தையின் தலை சாய ஆரம்பித்தது.

நானும் கணவரும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கடைக்குப் போனோம். சக்கரம் வைத்த இரும்புக்குழாய்த் தொட்டில் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். அசைத்தாலும் அசையாது. கணவர் தூக்கிப் பார்த்துவிட்டு, இதற்குத் தனியாக ஒரு படகு வேண்டும் என்றார். அலுமினியக் கால் வைத்து நாலு பக்கமும் வலை தைத்த மடக்குத் தொட்டில் ஒன்று படத்தில்தான் இருந்தது. வரவழைக்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். கையில் எடுத்துப் போகும்படி இருந்தது குடை மாதிரி விரியும் ஒரு கொசுவலைப் படுக்கை மட்டும். கம்பியை விரித்தால் கூண்டு, மடக்கினால் தாம்பாளம். இரண்டு கிலோகூட இல்லை.

அதன் மெத்தையை நான் உள்ளங்கையால் அழுத்தினேன். கை அமுங்கியது. கெட்டியான படுக்கை என்று டாக்டரம்மா சொன்னது அந்த நிமிடமே ஞாபகம் வந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதமாக ஒரு கிழவரைக் காக்கவைத்துவிட்டாள், இன்னும் பத்து நாளா என்று கணவர் நினைப்பாரோ என்ற கூச்சம். அதையே வாங்கினோம்.

அந்தச் சனிக்கிழமை மாமனார் இடக்கையால் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவர் முகத்தில் வலப்பக்கம் அசையவில்லை, இடப்பக்கம் மட்டும் சிரித்தது. பத்து நாள் பொறுத்திருக்கலாம் என்ற எண்ணம் அத்தோடு போய்விட்டது.

மதியம் பால் கொடுத்து, அவளைக் கூண்டுக்குள் படுக்கவைத்து, மாமனார் கட்டிலுக்கு எதிரே, காற்று வரட்டும் என்று வாசலுக்கு நேராக வைத்தேன். கணவர் படகை இழுத்துக் கட்டப் போயிருந்தார். மாமியார் ஏரியில் இருந்தார். அவர் இடுப்பில் பறிக்கூடையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிப்பவர். நான் கொல்லைப் பக்கம் குழந்தையின் துணிகளை அலசப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் டங், டங் என்று சத்தம் கேட்டது. மாமனார் தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரால் கட்டிலைத் தட்டுவார். இதோ வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, கையிலிருந்த துணியைப் பிழிந்தேன். தட்டுவது நிற்கவில்லை, வேகமானது. இன்னொரு துணியையும் எடுத்துப் பிழிந்தேன். அதன் பிறகுதான் எழுந்தேன்.

நான் உள்ளே நுழைந்தபோது வாசல் வழியாக மாமியார் ஓடி வந்துகொண்டிருந்தார். தட்டுகிற சத்தம் ஏரி வரை கேட்டிருக்கிறது. சேலையெல்லாம் தண்ணீர் சொட்டியது. கடல்காற்று எழுந்து, கனமில்லாத அந்தப் படுக்கையைத் தரையோடு தள்ளிக்கொண்டு போய்க் கட்டில் காலில் மோதியிருந்தது. ஒரு பக்கத்துக் கம்பி நழுவி, கூண்டு குழந்தையின்மேல் படிந்திருந்தது. படுக்கை சாய்ந்ததில் அவள் ஒருக்களித்து உருண்டு, முகம் மெத்தையில் புதைந்து கிடந்தாள். மாமனார் கட்டில் விளிம்பு வரை புரண்டுவந்து, அதற்கு மேல் நகர முடியாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

மாமியார் ஜிப்பைத் தேடவில்லை. வலையைக் கையாலேயே கிழித்தார். நான் குழந்தையை எடுத்தேன். உதட்டைச் சுற்றி நீலம். கை கால் துவண்டு தொங்கின. உள்ளங்காலைச் சுண்டினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை சுண்டினேன். மூன்றாவது முறை சுண்டியபோது அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது, பிறகு அழுதாள். அழுகை மெலிசாகத்தான் வந்தது. நான் அவளை ஏந்தியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமனாரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு உடனே படகில் கிளம்பினோம். காற்று எதிர்த்து அடித்தது. கணவர் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் குழந்தையின் நெஞ்சைப் பார்த்தேன். துறைக்குப் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன். எண்ணிக்கை தவறும்போதெல்லாம் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் குழந்தை நன்றாக இருக்கிறாள் என்றார்கள். ஆனாலும் மறுநாள் வரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

கூடவே வந்திருந்த மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில், "எம்புள்ளைங்க நாலும் தூளியிலதான் வளந்துதுங்க. இன்னா கொறஞ்சி பூட்சி?" என்றார்.

"அதுங்க பத்து மாசத்துல பொறந்துதுங்க, அத்தே. இவளுக்கு வேணாம்" என்றேன்.

மறுநாள் மாமியார் படகேறியபோது என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் போனார்.

அடுத்த மூன்று சனிக்கிழமை நான் ஊருக்குப் போகவில்லை. கணவர் வந்தார், குழந்தையைத் தூக்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். கடையில் வேண்டாமென்று சொல்லாமல் விட்டது நான். அவரோ தானே அவசரப்பட்டு வாங்கியதாக நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார். அதைச் சொல்லி அவரைத் தேற்றக்கூட எனக்கு வாய் வரவில்லை.

நான்காவது வாரம் மாமியார் தனியாக ஆரம்பாக்கம் வந்து இறங்கினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னிடம், "கௌம்பு. கடைக்குப் போலாம். இந்த வாட்டி நான் பாக்கிறேன்" என்றார்.

வேறு கடைக்குப் போனோம். அலுமினியக் கால் தொட்டில் அங்கே இரண்டு விதம் இருந்தது. ஒன்றில் மெத்தை தடிமனாக, பூப்போட்ட உறையோடு இருந்தது. அதுதான் நன்றாக ஓடுகிறது என்றார் கடைக்காரர். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை உள்ளே விட்டு, ஏரிச் சேற்றில் துழாவுவதுபோலவே கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு மெத்தை ஓரமாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு மூலையில் கை நின்றது. மெத்தைக்கும் வலைக்கும் நடுவே அவர் முஷ்டி மணிக்கட்டு வரை இறங்கியது.

"இத்தப் பாரு. எங் கையே பூந்துக்கினு போவுது. கொயந்த மூஞ்சி போவாதா?" என்றார்.

கடைக்காரர் சிரித்து, ஒரு போர்வையை அந்த இடத்தில் செருகிக்கொள்ளலாம் என்றார். அதுதான் கூடாதென்று இந்த முறை நான் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

இன்னொன்றில் அழகு ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம். அடித்துணியைப் பக்கத்து வலையோடு சேர்த்தே தைத்திருந்தார்கள். பலகை போல மெல்லிய, கெட்டியான மெத்தை; அது அடித்துணியோடு ஒட்டிக்கொள்ளும்படி பட்டை வைத்திருந்தது. மாமியாரின் முஷ்டி எந்த ஓரத்திலும் இறங்கவில்லை. நாலு பக்கமும் முழங்காலால் முட்டித் தள்ளினார். கடைக்காரரை ஐந்து முறை மடக்கி விரிக்கச் சொன்னார். பூட்டு விழுகிற சத்தம் நாலு மூலையிலும் கேட்கிறதா என்று காதை வைத்துக் கேட்டார். கடைசியில் என்னை ஒற்றைக் கையால் விரிக்கச் சொன்னார். இரண்டு முறை முடியவில்லை. மூன்றாம் முறை முடிந்தது.

எடை ஐந்தரைக் கிலோ. என்னால் முடிகிற அளவைவிட அதிகம் என்று சொன்னேன். அரிசிப் பையோடு நடந்ததையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "துணிமணி அங்க ஒரு செட்டு, இங்க ஒரு செட்டு வெச்சிக்க. அந்தப் பைய நீ தூக்கவே வாணாம்" என்றார். இவ்வளவு நாள் எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த சனிக்கிழமை தொட்டிலை முதுகில் மாட்டிக்கொண்டு, குழந்தையை முன்னால் அணைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஒருவர் இது கூடாரமா என்று கேட்டார். வீட்டில் தொட்டிலை வாசலைவிட்டு விலக்கி, சுவரோரம் விரித்தோம். கணவர் அதன் இரண்டு கால்களை வலைக்கயிற்றால் தூணோடு கட்டினார். அன்று மதியம் கடல்காற்று எழுந்தபோது நாங்கள் மூன்று பேரும் தொட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கட்டிலில் மாமனாரும் கண்ணை மூடவில்லை. காற்று கதவை அடித்தது. கூரையில் ஓலை படபடத்தது. தொட்டில் அசையவில்லை. அவள் இரண்டு மணி நேரம் தூங்கி, எழுந்து, பாலுக்கு அழுதாள். கணவர் அன்றைக்குத்தான் திரும்ப அவளைக் கையில் தூக்கினார்.

இப்போது அவளுக்குப் பதினொரு மாதம். வலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். மாமனாரின் பேச்சு ஓரளவு தெளிந்திருக்கிறது, கை திரும்பவில்லை. மாமியாருக்கு உள்ளூர இன்னமும் தூளிமேல்தான் நம்பிக்கை என்று நினைக்கிறேன். அவர் அதைச் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. விளிம்பில் கால் தூக்கிப் போடத் தொடங்கிவிட்டால் இந்தத் தொட்டிலை நிறுத்திவிட வேண்டும் என்று டாக்டரம்மா போன வாரம் சொல்லியிருக்கிறார்.