பங்காளிக்கு நாலு டயர்

டாக்ஸி கம்பெனியிலிருந்து வந்த செய்தி "அன்புள்ள பங்காளி" என்று தொடங்கியது. ஓட்டுநர் நாப்பது அதைச் சத்தமாகப் படிக்க, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தப் பங்காளி? உங்க பெரியப்பா பையனா? சுவர்த் தகராறுக்கு அப்புறம் அந்த ஆளு நம்ம வீட்டுப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கலியே?"

"அவன் இல்ல. கம்பெனி."

"கம்பெனி எப்பங்க நமக்குப் பங்காளி ஆச்சு?"

ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரம் பார்த்த வேலை அது. கூட்டாளி என்ற அர்த்தத்தில் யாரோ மரியாதைக்குச் சொன்ன 'பார்ட்னர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, பொதுச்சுவருக்காகக் கோர்ட் படி ஏறுகிற உறவின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டது. யோசித்துப் பார்த்தால் இயந்திரம் பிழை செய்ததாகவும் சொல்ல முடியாது. வண்டி அவருடையது. பெட்ரோல், ரிப்பேர், முதுகுவலி எல்லாம் அவருடையவை. வருமானம் வந்தால் மட்டும் கம்பெனி பங்குக்கு வந்து நிற்கும். பங்காளி என்றால் வேறு என்ன?

செய்தியின் மிச்சம் இதுதான். திங்கட்கிழமை பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் நான்கு டயர்களும் புதிதாக, 'ஆல் சீசன் பர்ஃபார்மன்ஸ்' வகையாக இருக்க வேண்டும். கம்பெனியே டயர் தரும். விலையை வாரா வாரம் வருமானத்தில் பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷத் தவணை. அது முடியும்வரை கம்பெனிக்கு வெளியே ஒரு சவாரி ஏற்றினாலும் பாக்கி முழுவதையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். டயர் மாற்றாத பங்காளியின் கணக்கு மூடப்படும்.

அவருக்கு நாப்பது என்ற பெயர் வந்தது வயதால் அல்ல, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாற்பதுக்கு மேல் வண்டியை ஓட்டமாட்டார் என்பதால் ஸ்டாண்டில் வைத்த பெயர். "நாப்பது கிளம்பிட்டாரு, நடந்து போறவங்க எல்லாம் ஓரமாப் போங்க, இடிச்சிட்டா அவரு வண்டிக்குத்தான் சேதம்" என்பார்கள். கார் ஓட்ட வருமுன் பல்பு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. பல்பை அட்டைக்குள் இறக்கிய அதே கைதான் இன்றும் ஸ்டியரிங்கில் இருக்கிறது. தொழிற்சாலையை மூடியபோது கையில் கொடுத்த தொகைக்குப் பழைய செடான் ஒன்றை வாங்கினார். அவர் வாங்கும்போதே அதற்கு முட்டிவலி இருந்தது.

டயர் மாற்ற வேண்டும் என்பது அவருக்குக் கம்பெனி சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. போன மழையில், மேம்பாலத்து வளைவில், பின்சக்கரங்கள் தனியாக வேறொரு ஊருக்குப் போகக் கிளம்பின. ஒரு கணம்தான். ஸ்டியரிங் கையில் இருந்தது, வண்டி கையில் இல்லை. பின் சீட்டில் அலுவலகம் முடிந்து போகும் மூன்று பெண்கள் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி தானாக நேராகியது. ஒருத்தி மட்டும் கண் விழித்து, "வந்துட்டோமாண்ணா?" என்றாள். "இன்னும் இல்லம்மா, தூங்கு" என்றார்.

இப்படி ஒரு வண்டி போய் மோதினால் மறுநாள் எல்லோரும் விதி என்பார்கள். தேய்ந்த ரப்பருக்கும் தண்ணீருக்கும் நடுவே நடப்பதற்கு விதி என்று பெயர் வைத்தவன், டயர் வாங்கித் தர மனமில்லாத ஒரு முதலாளியாகத்தான் இருந்திருப்பான்.

மறுநாள் அவர் சந்தைப் பின்தெருவில் இருந்த டயர்க்கடைக்குப் போனார். கடையை நடத்தும் அக்கா, ஒரு லாரி டியூபின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தங்கை வயதுதான். ஆனாலும் ஊருக்கே அக்கா.

"வாங்கண்ணே. நடந்தா வந்தீங்க, வண்டியிலயா? வண்டியிலன்னா காலையிலயே கிளம்பியிருப்பீங்களே."

"கிண்டலை ஓரமா வெச்சிட்டு ஒரு நல்ல டயர் காட்டும்மா. ஆல் சீசன் பர்ஃபார்மன்ஸ்."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "ஆல் சீசன் சரி. வெயில், மழை ரெண்டும் தாங்கும். பர்ஃபார்மன்ஸ் உங்களுக்கு எதுக்கு? அது வேகமாப் போறவனுக்கு. ரப்பர் மெத்துனு இருக்கும், நல்லாத்தான் பிடிக்கும். ஆனா சீக்கிரம் தேயும். உங்க கிழவிக்கு ஓட்டப்பந்தய செருப்பு எதுக்குண்ணே?"

"கம்பெனி கேக்குது."

"கம்பெனி ஆயிரம் கேக்கும்." அவள் உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டி வந்து அவர் முன்னால் சாய்த்தாள். பெரிய எழுத்து எதுவும் இல்லாத டயர். தண்ணீர் ஓடும் பள்ளங்கள் ஆழமாக இருந்தன. "பேரைப் பாக்காதீங்க, பொறந்த தேதியப் பாருங்க. ஓரத்துல நாலு நம்பர் இருக்கா? முதல் ரெண்டு எத்தனாவது வாரம். கடைசி ரெண்டு எந்த வருஷம். உருட்டாம வெச்சிருந்தாலும் ரப்பர் கெட்டியாகிடும். கெட்டியான ரப்பர் மழையில உங்க பேச்சைக் கேக்காது."

விலை கேட்டார். சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். இரண்டுக்குத்தான் வரும்.

"ரெண்டு வாங்குங்க, பின்னாடி போடுங்க. இருக்கறதுல நல்லது ரெண்டை முன்னாடி கொண்டு வந்துடலாம்."

"எல்லாரும் புதுசை முன்னாடிதானே போடறாங்க?"

"முன்னாடி வழுக்கினா கைக்குத் தெரியும், வேகத்தைக் குறைப்பீங்க. பின்னாடி வழுக்கினா முதுகுக்குத்தான் தெரியும். முதுகால பிரேக் போட முடியுமா?"

அவருக்கு மேம்பாலத்து வளைவு முதுகில் ஏறி இறங்கியது. இரண்டு டயரை எடுத்து வைக்கச் சொன்னார். கிளம்பும்போது அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"நாலும் பர்ஃபார்மன்ஸ்தான் வேணும்னு கம்பெனி ஒத்தக் கால்ல நின்னா சொல்லுங்க. மாப்பிள்ளை டயர் இருக்கு."

மாப்பிள்ளை டயர் என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஒரே நான்கு டயர்கள். பரிசோதனை நாளில் அவை ஒரு வண்டியில் ஏறி, காட்சி தந்து, இறங்கி, அடுத்த வண்டியில் ஏறும். முகூர்த்தம் முடிந்ததும் எல்லோரும் பழைய மொட்டை டயரோடு வேலைக்குப் போவார்கள். வாடகை குறைவு.

"நீயே இதைச் செய்யறியாம்மா?"

"நான் செய்யலன்னா பக்கத்துக் கடைக்காரன் செய்வான்" என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கம்பெனி அலுவலகத்தில் சூப்பர்வைசருக்கு முப்பது வயது இருக்கும். ஓட்டுநர்களைப் பங்காளி என்றுதான் அழைக்கவேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு போலிருக்கிறது. "சொல்லுங்க பங்காளி" என்றான்.

"அதைப் பத்திதான் பேச வந்தேன் தம்பி. பங்காளின்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அப்போ நாலு டயர்ல ரெண்டு உங்க பங்கு. பின் டயர் ரெண்டும் நான் போட்டுக்கறேன். முன் டயர் ரெண்டையும் கம்பெனி போடட்டும்."

சூப்பர்வைசர் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான்.

"அது சும்மா ஒரு வார்த்தைண்ணே."

"அப்ப டயர்ல எழுதியிருக்கற பர்ஃபார்மன்ஸும் சும்மா வார்த்தைதானா?"

"அண்ணே, வம்பு பண்ணாதீங்க. நாலு டயரும் புதுசா, பர்ஃபார்மன்ஸா இருக்கணும். இல்லன்னா கணக்கு மூடிடும். நான் மூட வேணாம், அதுவாவே மூடிக்கும்."

"உனக்கு வண்டி இருக்கா தம்பி?"

"பஸ்லதான் வரேன்." அவன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான். "இத்தனை செட் தள்ளிவிடணும்னு எனக்கும் சொல்லியிருக்காங்க. விக்கலன்னா என் கணக்கும் அதுவாவே மூடிக்கும்."

யாரிடம் சண்டை போடுவது? மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் கழுத்தில் கயிறு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் எந்த அறையிலும் உட்கார்ந்திருக்க மாட்டான். பழைய முதலாளியாவது சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் காரில் ஏறுவதைப் பார்க்கலாம், பின்னால் நின்று முறைக்கலாம். இப்போது முறைக்கக்கூட முகம் இல்லை. பொறுப்பு முழுவதையும் கீழே தள்ளிவிட்டு, லாபத்தை மட்டும் மேலே உறிஞ்சுவதற்குக் கண்டுபிடித்த ஏற்பாட்டுக்கு இவர்கள் வைத்த பெயர் சுதந்திரம். நீங்களே உங்களுக்கு முதலாளி என்கிறார்கள். தன்னைத் தானே வேலையை விட்டு நிறுத்திக்கொள்ளும் உரிமைகூட இல்லாத முதலாளி.

திங்கட்கிழமை பரிசோதனை மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. தகரத் தடுப்புக்குப் பின்னால் ஜாக்கி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை டயர் மூன்றாவது கல்யாணத்தை முடித்திருந்தது. ஸ்டாண்டில் மைனர் என்று பெயர் எடுத்த ஓட்டுநர், கையெல்லாம் கரியோடு வந்து செடானின் கதவில் சாய்ந்தான்.

"அடுத்து நீதான் மாமா. வண்டியைப் பின்னாடி கொண்டு வா. பொசுக்குன்னு மாட்டிடலாம்."

நாப்பது சாவியைத் திருகினார். வண்டி முனகிக்கொண்டு உயிர் பெற்றது. தடுப்புக்குப் பின்னால் போனால் செலவு குறைவு, கணக்கு பிழைக்கும், யாருக்கும் அடிமைச் சீட்டு எழுத வேண்டாம். ஒன்றும் தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் போதும்.

"என்ன மாமா யோசனை? பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உக்காந்திருக்க."

"பரிசோதனை பண்றவன் ஏமாந்துடுவான்டா" என்றார். "மழை ஏமாறாதே."

"மழை வந்தா பாத்துக்கலாம்."

"வந்தப்ப நான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டு இஞ்சினை அணைத்தார்.

இறங்கி, மைதானத்து ஓரத்தில் கம்பெனி டயர்களை அடுக்கி வைத்திருந்த பந்தலுக்குப் போனார். சூப்பர்வைசர் ஒரு பேனாவை நீட்டினான்.

"கையெழுத்துப் போடறேன் தம்பி. ஆனா டயரை நான்தான் பொறுக்குவேன்."

"எல்லாம் ஒண்ணுதாண்ணே. புதுசு. உறையே பிரிக்கல."

"உறை பிரிக்காம வெச்சா வயசாகாதா? அப்படி ஒரு உறை இருந்தா எனக்கும் ஒண்ணு குடு, போட்டுக்கறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மண்டியிட்டு, பிளாஸ்டிக்கைக் கிழித்து, போனின் வெளிச்சத்தை டயரின் ஓரத்தில் பாய்ச்சினார். நான்கு எண்கள். அந்த டயர் பிறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அடுத்ததைப் புரட்டினார். அதுவும் அதே வருஷம். பெரிய எழுத்தில் பர்ஃபார்மன்ஸ், சின்ன எழுத்தில் முதுமை. மொத்த வியாபாரக் கிடங்கில் யாரும் வாங்காமல் தேங்கிப்போனதைத்தான் பங்காளிகளின் தலையில் கட்டுகிறார்கள். மூன்றாவதை எடுத்தபோது மைனர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டிருந்தான்.

"என்னத்தை மாமா தேடற?"

அவர் காட்டினார். மைனர் உரக்கப் படித்தான். அவன் சத்தத்துக்கு இன்னும் நாலைந்து பேர் கூடினார்கள். தடுப்புக்குப் பின்னால் ஜாக்கி சத்தம் நின்றது. முதலிலேயே தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்ட ஒருவர் ஓடிப்போய்த் தன் வண்டியின் டயரில் எண்ணைப் படித்துவிட்டு, அங்கிருந்தே கத்தினார். "யோவ்! என் டயருக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கற வயசுய்யா!"

சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு யாருடனோ பேசப் போனான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "டயர் வந்த லாரியில இன்னும் கொஞ்சம் இருக்கு. வேணுங்கறவங்க அதுல பாத்து எடுத்துக்கலாமாம்" என்றான். "தவணை மட்டும் மாறாது."

லாரியில் தேடியதில் இந்த வருஷத்து டயர்கள் கொஞ்சம் கிடைத்தன. நாப்பது நான்கை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவருக்குப் பின்னால் வரிசை கலைந்து, ஆளாளுக்கு டயர் ஓரத்தில் மூக்கை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

டயரை மாட்டி, பரிசோதனையை முடித்துத் திரும்பும் வழியில் டயர்க்கடையில் நிறுத்தினார். எடுத்து வைத்த இரண்டையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லவேண்டும்.

அக்கா எழுந்து வந்து, சக்கரத்தருகே குனிந்து எண்களைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்தினாள்.

"நல்ல டயர்தாண்ணே. குறை சொல்ல முடியாது."

"எவ்வளவு காலம் வரும்?"

அவள் அவர் ஒரு நாளைக்கு ஓட்டும் தூரத்தைக் கேட்டாள். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள்.

"தவணை முடியற வரைக்கும் வரும்" என்றாள். "முடிஞ்சதும் மாத்தணும்."

நாப்பது டயரைப் பார்த்தார். புதுப் பள்ளங்களுக்கு நடுவே முளைத்திருந்த மெல்லிய ரப்பர் மயிர்கள் இன்னும் உதிராமல் நின்றன. போன் அடித்தது. சவாரி வந்திருந்தது. அவர் வண்டியில் ஏறினார்.