லேஞ்சியில் இருந்த நிறம்

பல்லரோச் சந்தையின் கடைசி மீன் மேசையைக் கடந்தபோது மூச்சு வாங்கியது. நின்றேன். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு காற்சட்டை, ஒரு வேதாகமம், ஒரு குளிசைப் (மாத்திரை) பெட்டி. கோபத்தில் வேகமாக நடப்பதற்கும் நுரையீரல் வேண்டும். எனக்கு அது அரைவாசிதான் வேலை செய்தது. மெதுவாக நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் விட்டுவந்தது ஒரு ஜெபவீட்டை. இதே நோயோடு இருப்பவர்களுக்கு, ஏன் விட்டுவந்தேன் என்பதைச் சொல்லவேண்டும்.

முதலில் வந்தது இருமல். அப்போது இந்த இத்தாலிய ஊரின் வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு மாலைக் காய்ச்சல், சட்டையைப் பிழியுமளவு வியர்வை. இடுப்புப் பட்டியில் புதிதாக இரண்டு துளை போட்டபின்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காசநோய் (நுரையீரலை அரிக்கும் கிருமித் தொற்று) என்றார்கள்.

மருத்துவர் ஒரு பெண். எனக்கு விளங்கவேண்டும் என்று இத்தாலிய மொழியை நிறுத்தி நிறுத்திப் பேசினார். "ஆறு மாதம். ஒரு நாளும் விடக்கூடாது. விடிய வெறும் வயிற்றில் குடியுங்கள், ஒரு மணித்தியாலம் கழித்துச் சாப்பிடுங்கள்."

குளிசைகளில் ஒன்று ரிஃபாம்பிசின் (கிருமியைக் கொல்லும் சிவப்பு மருந்து). அதைப் பற்றி மட்டும் தனியாகச் சொன்னார். "சிறுநீர், வியர்வை, கண்ணீர்கூடச் செம்மஞ்சளாக வரும். பயப்படாதீர்கள். மருந்து உள்ளே இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி."

சாட்சி என்ற சொல் எனக்கு ஜெபவீட்டிலிருந்து பழக்கம். அதை நடத்தியவர் சாமுவேல் அண்ணை. கிழமை நாட்களில் ஒரு சிஞ்ஞோராவின் (இத்தாலியச் சீமாட்டி) வீட்டில் வேலை, ஞாயிறுகளில் பிரசங்கம். எனக்குக் கட்டில் கொடுத்தவரும் அவர்தான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வவுனியா, கொழும்பு, சைப்பிரஸ், நாப்போலி என்று ஓரிடத்திலும் இரண்டு வருடம் தங்காதவன். சொத்தைப் பிரித்துக்கொண்டு போய், எல்லாம் அழித்து, பன்றி மேய்த்துத் திரும்பிவந்த இளைய மகனின் கதையை அவர் ஒருநாள் வேதாகமத்திலிருந்து வாசித்தார். செத்துப்போனவன் உயிரோடு வந்தான் என்று தகப்பன் சொல்லும் இடத்தில் நிறுத்தினார். "அது நீதான் தம்பி" என்றார். ஒரு புத்தகத்தில் நானும் இருக்கிறேன் என்று அதற்கு முன் எவரும் சொன்னதில்லை. ஞானஸ்நானம் எடுத்தேன்.

இரண்டு மாதக் குளிசையில் இருமல் நின்றது. எடை ஏறியது. எங்கள் ஜெபவீட்டில் ஒரு வழக்கம். சுகமானவர்கள் தங்கள் வருத்தத்தின் (நோயின்) பொருள் ஒன்றைப் பிரசங்க மேசையின் முன் வைப்பார்கள். ஒருவர் ஊன்றுகோல் வைத்தார், இன்னொருவர் சிகரெட் பெட்டி வைத்தார். நான் குளிசைப் பெட்டியை வைத்தேன்.

நிறுத்து என்று அண்ணை சொல்லவில்லை. அதை நியாயமாகச் சொல்லவேண்டும். "மாம்சத்துக்குச் சாவு, ஆவிக்குச் சீவன். நீ எதை நம்புறாய் தம்பி?" என்று கேட்டார், அவ்வளவுதான். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து, பல் விளக்கும்போது தொட்டியில் இரத்தம்.

ஆஸ்பத்திரியில் யார் நிறுத்தச் சொன்னது என்று மருத்துவர் கேட்டார். நான்தான் என்றேன். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா என்று சோதித்தார்கள். நல்ல காலம், பழகவில்லை. முதல் நாளிலிருந்து மறுபடி. மூன்று கிழமை தனி அறை. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்றார்கள். அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நாங்கள் ஒருத்தரும் வரமாட்டம். கர்த்தருடைய இரத்தம் எங்களை மூடியிருக்கு. நீ உன்னைப் பார்" என்றார்.

இனித் தொற்றாது என்ற கடிதத்தோடு வெளியே வந்தேன். அடுத்த ஞாயிறு அண்ணை வேறொரு பகுதியை எடுத்தார். உயிரோடிருப்பதாகப் பெயர் மட்டும் வாங்கி, உள்ளே செத்துப்போன சபையைப் பற்றியது. கை என் பக்கம் நீண்டது. "வருத்தம் திரும்பினது நெஞ்சுக்குள்ள இல்லை, ஆவிக்குள்ள. எழும்பு தம்பி. பெட்டியை இஞ்சை கொண்டந்து வை."

பெட்டி என் மடியில் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்: எழும்பினேன். என் கட்டில் அங்கே. எனக்குத் தெரிந்த முகங்கள் அநேகமாக எல்லாம் அங்கே. மறுபடி நிறுத்தினால் என்ன நடக்கும் என்று தெரிந்தும் இரண்டடி வைத்தேன்.

அண்ணை எனக்காக அழுதார். வெள்ளை லேஞ்சியால் (கைக்குட்டை) கண்ணைத் துடைத்து மேசையில் வைத்தார். அதில் செம்மஞ்சளாக இரண்டு பொட்டு.

கண்ணீர் அந்த நிறத்தில் வர எனக்குத் தெரிந்து ஒரு வழிதான் உண்டு. திரும்பிப் போய் என் இடத்தில் இருந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்ததும் குசினிக்குப் போனேன். அண்ணையின் மனைவி றீற்றா அக்கா தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, அண்ணை எப்ப தொடக்கம் குளிசை குடிக்கிறார்?"

"ஆர் சொன்னது?"

"லேஞ்சி சொன்னது."

அவர் அடுப்பை நூர்த்தார் (அணைத்தார்). "நீ ஆஸ்பத்திரியில கிடந்த முதல் கிழமையே எல்லாரும் போய்ச் சோதிச்சனாங்கள். விடிய வெறும் வயித்தில நான்தான் எடுத்துக் குடுக்கிறன். உனக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்."

அண்ணை குசினி வாசலில் வந்து நின்றார். "அது தடுப்பு மருந்து தம்பி. வருத்தம் வராமல் குடிக்கிறது."

"வருத்தமில்லாதவர் குடிக்கவேணும், வருத்தக்காரன் விடவேணுமோ?"

"மேய்ப்பன் விழுந்தால் ஆட்டை ஆர் பாக்கிறது?"

"நான் என்ன, ஆடில்லையோ?"

அவர் குரல் உயர்ந்தது. "உனக்கு விசுவாசம் காணாது. நீ உள்ளுக்குள்ள செத்துப்போனாய்."

"செத்தவனுக்குக் கட்டில் என்னத்துக்கு" என்று சொல்லிப் பையை எடுத்தேன். றீற்றா அக்கா மட்டும் படிவரை வந்தார்.

நடக்கும்போது அந்த இளைய மகனை யோசித்தேன். தகப்பன் செத்தவன் என்று சொன்ன காலமெல்லாம் அவன் நடந்தான், பசித்தான், பன்றி மேய்த்தான். அவன் நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சாவு வேறு, என் சாவு வேறு. ஒன்றின் மருந்தை மற்றதற்கு எழுதியதுதான் எங்கள் பிழை. இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. திரும்பிவந்த மகனைத் தகப்பன் சாட்சி சொல்லச் சொல்லவில்லை. உடுப்பும் சாப்பாடும் கொடுத்தான்.

ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குக் (மத்திய ரயில் நிலையம்) கிட்ட குணம் அண்ணையின் பலசரக்குக் கடை. கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படம் வைத்திருப்பவர், என் ஞானஸ்நானத்தை எப்போதும் பகிடி பண்ணுபவர்.

"உயிர்த்தெழுந்தவர் வாறார்! என்ன, மோட்சத்தில இடமில்லையாமோ?"

சொன்னேன். கடிதத்தையும் காட்டினேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். "பின்னறையில அரிசி மூட்டைக்குப் பக்கத்தில படு. காலமை படி கழுவ ஒரு ஆள் வேணும் எண்டு கேட்டவை. ஐஞ்சு மாடி, லிஃப்ட் இல்லை. ஏலுமே?"

"ஓம், ஏலும்."

மறுநாள் ஏழு மணிக்குக் குளிசையை விழுங்கிவிட்டு வாளியைத் தூக்கினேன். மேலிருந்து கீழே கழுவவேண்டும். முன்பு ஐந்து மாடியை ஒரே மூச்சில் ஏறியிருப்பேன். இப்போது ஒவ்வொரு மாடியிலும் நின்றேன். நெஞ்சு எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான் படி.

கழுவிக்கொண்டு இறங்கும்போது மூன்றாம் மாடியில் ஒரு சிஞ்ஞோரா கதவைத் திறந்து கோப்பி நீட்டினார். மணி பார்த்தேன். ஏழு நாற்பது.

"இருபது நிமிஷம் கழித்து" என்றேன்.

அவர் தலையாட்டி, கோப்பியைத் தட்டால் மூடிக் கதவோரம் வைத்தார். நெற்றி வியர்வையை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் அதே நிறம். அதை அவர் பார்க்கும்படியே கைப்பிடிக் கம்பியில் தொங்கவிட்டு, அடுத்த படியைக் கழுவத் தொடங்கினேன்.