கொட்டிலில் பிறந்த பாட்டு

கிறிஸ்துமஸ் பாட்டு என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம் வரும். எனக்கு இன்னும் முதலில் வருவது கோபம்தான்.

அறுபதுகளில் தாராவியில் எங்கள் சபை வாலிபர்கள் டிசம்பர் பிறந்ததும் ஒரு காரியம் செய்வார்கள். அந்த வருஷம் எந்த இந்திப் படப் பாட்டு ஓகோவென்று ஓடுகிறதோ, அதன் மெட்டைப் பிடித்துக்கொள்வார்கள். கதாநாயகன் கதாநாயகியைத் துரத்துகிற இடத்தில் மேய்ப்பர்கள் வருவார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடத்தில் வானத்தில் நட்சத்திரம் உதிக்கும். சபைக் கமிட்டியில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். வெள்ளைக்காரன் மெட்டுக்குள் தமிழைத் திணித்து அமுக்கிய பாட்டுகளும் உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கின் சூட்டில் வியர்க்க வியர்க்க, உறைபனியைப் பற்றிப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். அதற்கும் ஆட்சேபணை கிடையாது.

ஆட்சேபணை வந்தது என் அப்பாவின் பாட்டுக்கு.

அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. சங்கீதம் படித்தவரல்ல, டோலக் வாசிப்பார். 'குளிருக்குக் கந்தை போதுமா, கொட்டிலில் பிறந்த ராசாவே' என்று தொடங்கும் அந்தப் பாட்டை ஒரு டிசம்பரில் அவரே கட்டினார். தாலாட்டுப் போல மெதுவாகப் புறப்பட்டு, மேய்ப்பர்கள் வந்து சேர்ந்ததும் கைதட்டலாக ஓட ஆரம்பிக்கும். எனக்கு அதைவிடப் பிடித்த கிறிஸ்துமஸ் பாட்டு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நாங்கள் பஜனை போன வீடுகளில், "அந்தக் கந்தைப் பாட்ட இன்னொரு தடவ பாடுங்க" என்று நிறுத்திக் கேட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு டோலக்கை இறுக்குவார். அவருக்குப் பெருமை வந்தால் அப்படித்தான்.

அடுத்த டிசம்பரில், பாட்டுப் பயிற்சிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது கமிட்டிச் செயலர் எழுந்தார். பேங்க் உத்தியோகம், செம்பூரில் ஃப்ளாட்.

"நேத்து விடியக்காலம் மாட்டுங்கா கோயில் தெரு வழியா வந்தேன். மார்கழி பஜனைன்னு பாடிக்கிட்டுப் போறாவ. என்ன பாட்டுங்கிய? நம்ம கந்தைப் பாட்டு! மெட்டு அச்சு அசல் அதே. கோயில் பாட்டச் சுட்டுக்கிட்டு வந்து நம்ம சபையில வித்திருக்கீரு, என்னவே?"

"நான் கட்டுன மெட்டுய்யா" என்றார் அப்பா.

"கட்டுனீரோ, வெட்டுனீரோ. இந்த வருசம் அது வேண்டாம்."

அவ்வளவுதான். இத்தனை பேரும் அடுத்த பாட்டுக்குத் தாளைப் புரட்டினார்கள். அந்தப் பாட்டைப் பாடித்தான் போன வருஷம் வீடு வீடாகக் கேக்கும் முறுக்கும் வாங்கித் தின்றிருந்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து டோலக்கைத் துணி சுற்றிப் பரணில் வைத்தார். திருடன் என்ற பெயரோடு அவர் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நான் அப்போது மாட்டுங்காவில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். பக்கத்து மேஜைக்காரியின் அப்பாதான் அந்த பஜனை கோஷ்டிக்குத் தலைவர் என்று விசாரித்ததில் தெரிந்தது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டுக்கே போனேன். ஆளைப் பிடிபிடியென்று பிடிப்பதற்காகத்தான் போனேன்.

"அட, அந்த டோலக்காரர் பொண்ணா நீ? உக்காரும்மா" என்றார் அவர். "போன வருஷம் எதிர் ஃப்ளாட்ல வந்து பாடினேளே, பால்கனில நின்னு முழுக்கக் கேட்டேன். அந்த மெட்டு என்னை விடவே இல்லை. கொட்டிலை எடுத்துட்டுச் சிறையை வச்சேன், ராசாவை எடுத்துட்டுக் கண்ணனை வச்சேன். மத்ததெல்லாம் உங்கப்பாதான்."

பாடியும் காட்டினார். 'குளிருக்குக் கந்தை போதுமா, சிறையிலே பிறந்த கண்ணனே.' வயிற்றெரிச்சல் என்னவென்றால், எங்கள் வாலிபர்களைவிட நன்றாகப் பாடினார். கேட்காமல் எடுத்தவர்தான். ஆனால் கேட்டதும் ஒப்புக்கொண்டாரே, அந்த நாணயம் எங்கள் கமிட்டியில் யாரிடம் இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை வந்து இதை எங்கள் சபையில் சொல்ல முடியுமா என்று கேட்டேன். நெற்றி நிறைய விபூதியோடு வந்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் முன்னால் நின்று, "அது இவர் பாட்டு. நான்தான் எடுத்துண்டேன். தப்புன்னா மன்னிச்சுக்கோங்கோ" என்றார்.

அப்பாடா, தீர்ந்தது என்று நினைத்தேன். செயலர் தொண்டையைக் கனைத்தார்.

"ரொம்ப சந்தோசம். திருட்டு இல்லன்னு ஆயிட்டு. ஆனாலும் இப்ப அது கோயில்ல பாடுத பாட்டுல்லா? நம்ம பிள்ளைய பாடும்போது கேக்கவன் என்ன நினைப்பான்? வேண்டாம்."

எனக்கு வாய் அடங்கவில்லை. "சினிமாக்காரன் டூயட்டு மட்டும் நம்ம பாட்டாக்கும்?" என்றேன். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று ஒருவர் அதட்டினார். போதகர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாட்டுங்காக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "என்னாலதான் கஷ்டம்னா, நாங்க நிறுத்திடறோம்" என்றார் அப்பாவிடம்.

"வேண்டாம் சாமி, நிறுத்திராதிய" என்றார் அப்பா அவசரமாக. "நீங்களும் நிறுத்திட்டா, நான் அத எங்க போய்க் கேக்க?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடியும் நேரத்தில் அப்பா என்னை எழுப்பினார். மாட்டுங்காவுக்கு நடந்தோம். கோயிலுக்கு எதிர்ப்பக்கம், அடைத்திருந்த ஒரு கடையின் முன்னால் நின்றோம். கோஷ்டி ஜால்ராவோடு வந்தது. பெரியவர் அப்பாவைப் பார்த்துவிட்டு, தங்கள் பக்கம் வரும்படி கையைக் காட்டினார். அப்பா தலையசைத்து மறுத்து, நின்ற இடத்திலேயே நின்றார். அவர் கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பெரியவர் எடுத்தார்: "குளிருக்குக் கந்தை போதுமா, கொட்டிலில் பிறந்த ராசாவே."

கோஷ்டி ஒரு நொடி தடுமாறியது. பிறகு அதையே திருப்பிப் பாடியது. மாடு மேய்த்த சாமிக்குக் கொட்டில் ஆகாதா என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் கேள்வி கேட்கவில்லை. அப்பா அழுதார்.

மறுநாள் எங்கள் சபையில் அந்த வருஷத்து இந்திப் பாட்டு மெட்டில் மேய்ப்பர்கள் நட்சத்திரத்தைத் துரத்தினார்கள். செயலர் காலால் தாளம் போட்டு ரசித்தார். வாசிக்க ஆள் இல்லை என்று, பரணிலிருந்து டோலக்கை எடுத்துவரச் சொல்லி அப்பாவையே வாசிக்க வைத்தார்கள். அவரும் வாசித்தார்.