ராஜாத்தி பார்க்காத படங்கள்

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்ணூற்றெட்டில் பத்தாவது முடித்தவர்களுக்கெல்லாம் நாற்பத்து மூன்று வயதில் திடீரென்று இளமை திரும்பிவிட்டது. அன்றைக்கு வகுப்புத் தலைவனாக இருந்து, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதிய ஞானதாஸ், இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழுவைத் தொடங்கி எல்லோரையும் பேசச் சொன்னான். பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். ஸ்டெப் கட்டிங், பேகி பேண்ட், பஃப் கை வைத்த ஜாக்கெட், ஆணி அடித்தது போல நெற்றியில் நீட்டு ஸ்டிக்கர் பொட்டு, பேனா விட்டுச் சுற்றிய கேசட். நம்ம காலம் போல வருமா என்று காலையில் ஒருவர் கேட்டால் ராத்திரி வரை வராது, வராது என்று மற்றவர்கள் ஆமாம் போட்டார்கள். பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை கூடுவதென்றும், எல்லோரும் தொண்ணூறுகளின் உடுப்பில் வரவேண்டும் என்றும் முடிவாயிற்று. தொப்பை விழுந்தவர்கள் பேகி பேண்ட் தேட ஆரம்பித்தார்கள்.

பழவேற்காடு பஜாரில் கயிறும் நைலான் வலையும் விற்கும் தௌஃபீக்கின் மனைவி ஃபர்ஹத், அந்தக் குழுவில் ஓயாமல் பேசியவர்களில் ஒருத்தி. பழைய பாட்டு ஓடாமல் அவள் அடுப்பில் சோறு வேகாது. உம்மாவுக்குத் தொண்ணூறு பிறந்த பிறகுதான் உலகமே பிறந்தது என்று மகள் ரிஃபா கேலி செய்வாள். இத்தனைக்கும் அந்தப் பத்து வருஷத்தில் ஃபர்ஹத் தியேட்டர் வாசலை மிதித்தவள் இல்லை. அது வேறு கதை. வேறு கதை என்ன, அதுதான் கதை.

ஒரு நாள் சாயங்காலம் ஞானதாஸ் ஒன்பதாம் வகுப்பில் எடுத்த புகைப்படத்தைக் குழுவில் போட்டான். யாரோ ஒருவன் பின்வரிசையில் ஒரு முகத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, ரீல் ராஜாத்தி எங்கப்பா, ரீல் விட ஆள் வேணுமே என்று எழுதினான். அதற்குக் கீழே முப்பது சிரிப்பு முகங்கள். ஃபர்ஹத், நீதானே அவளுக்கு தோஸ்து, கூட்டிக்கொண்டு வருவது உன் பொறுப்பு என்று ஞானதாஸ் உத்தரவு போட்டுவிட்டான். ஃபர்ஹத் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தப் பட்டப்பெயரை ராஜாத்திக்கு வைத்தது வேறு யாருமில்லை, அவள்தான்.

ஃபர்ஹத்தின் வாப்பா அப்துல் ஷுக்கூர் நல்ல மனிதர். ஆனால் சினிமா என்ற சொல்லை வீட்டுக்குள் விடமாட்டார். பக்கத்து வீட்டு ஜன்னலில் வெள்ளிக்கிழமை டி.வி. பாட்டு கேட்டால்கூடத் தன் வீட்டு ஜன்னலைச் சாத்தச் சொல்வார். பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒட்டும் போஸ்டரைத் தலை குனிந்தபடி ஓரக்கண்ணால் பார்ப்பதுதான் ஃபர்ஹத்துக்குக் கிடைத்த சினிமா. மிச்சத்தைத் தந்தவள் ராஜாத்தி.

ராஜாத்தி ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்தவள். வலையும் படகும் இல்லாமல், தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவி, கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பம். பொன்னேரி தியேட்டரில் தன் மாமா டிக்கெட் கிழிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போனால் சும்மாவே உள்ளே விடுவார் என்று அவள் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் சோற்று மணி அடித்ததும் இருவரும் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள். படத்தின் பெயர் காட்டுகிறதிலிருந்து ராஜாத்தி ஆரம்பிப்பாள். கதாநாயகி எந்தப் பக்கம் திரும்பினாள், காற்றில் துப்பட்டா எந்தப் பக்கம் பறந்தது, காதல் கடிதத்தை எந்தப் புத்தகத்தில் வைத்தாள் என்று ஒன்றையும் விடமாட்டாள். அவள் சொன்ன படங்களில் கல்லூரிக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் ஏரி இருக்கும். கதாநாயகன் படகில்தான் வகுப்புக்கு வருவான். பட்டணத்துக் கல்லூரிகள் அப்படித்தான் போலிருக்கிறது என்று ஃபர்ஹத் நம்பினாள்.

அந்தக் காலத்தில் துணிக்கும் படத்தின் பெயர்தான். இன்ன படத்துச் சேலை, இன்ன படத்து வளையல் என்றுதான் கடைக்காரர்களே கூவி விற்பார்கள். பத்தாவது படித்த வருஷம் ரம்ஜான் பெருநாளுக்குத் தனக்கு ஒரு படத்து உடுப்பு வேண்டும் என்று ஃபர்ஹத் முடிவு செய்தாள். ராஜாத்தி சொல்லச் சொல்ல நோட்டில் வரைந்துகொண்டாள். மயில்கழுத்து நிறத்தில் முட்டிக்குக் கீழே இறங்கும் டாப்ஸ், கை மட்டும் மஞ்சள், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பட்டாணி அளவில் பதினோரு பொத்தான். தையற்காரர் பெரியசாமி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தப் படம்மா என்று கேட்டார். ஃபர்ஹத் பெருமையாகப் பெயரைச் சொன்னாள்.

பெருநாள் ஜனவரிக் கடைசியில் வந்தது. மண்ணடியிலிருந்து மாமி மக்கள் வந்திருந்தார்கள். வாசனையும் ஹைஹீல்ஸும் பட்டாம்பூச்சி கிளிப்புமாகப் பட்டணத்துப் பெண்கள். எந்தப் படத்து மாடல் என்று கேட்டார்கள். ஃபர்ஹத் சொன்னாள். அதில் மூத்தவள் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தவள். அந்தப் படத்தில் இப்படி ஒரு உடுப்பே கிடையாது, யார் சொன்னது என்று சிரித்தாள். விடாமல் ஃபர்ஹத் கதையைச் சொல்ல, ஏரி வந்தது, படகு வந்தது, சிரிப்பு கூடத்திலிருந்து சமையற்கட்டு வரைக்கும் போயிற்று. பிரியாணி ஆறுவதற்குள் அவள் உடுப்பை மாற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை ராஜாத்தி ஏதோ சொல்லவேண்டும் என்கிற அவசரத்தோடு வகுப்புக்குள் வந்தாள். அதற்கு முந்தின வாரம், குடியரசு தினத்துக்குக் கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்ட கையோடு, புதுப் பொங்கல் படத்தை இடைவேளை வரை சொல்லி நிறுத்தியிருந்தாள். ஃபர்ஹத் அவளைப் பேசவிடவில்லை. நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று, "எந்தத் தியேட்டருடி? டிக்கெட்டைக் காட்டு" என்றாள். "நீ ஒரு படமும் பாத்ததில்ல. எல்லாம் பொய். ஒரு வருஷமா என்கிட்ட ரீல் சுத்தியிருக்க" என்றாள் ஃபர்ஹத். வகுப்பு கொல்லென்று சிரித்தது. மத்தியானத்துக்குள் ராஜாத்திக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. புதன்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. மார்ச்சில் பரீட்சை மண்டபத்தில் ஃபர்ஹத்துக்கு இரண்டு மேசை தள்ளி ஓர் எண் காலியாகவே இருந்தது.

குப்பத்துக்குப் போகப் பதினைந்து நிமிட நடை. ஃபர்ஹத் போகவில்லை. முதலில் கோபம், பிறகு வெட்கம், பிறகு கல்யாணம். ராஜாத்தியைச் சுண்ணாம்புக்குளத்தில் முத்து என்பவனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தபோது ஃபர்ஹத்துக்குப் பத்தொன்பது வயது, கையில் மருதாணி. தௌஃபீக் வீட்டில் டி.வி. இருந்தது. ஒரு நாள் அந்தப் பெருநாள் உடுப்புக்குச் சொந்தமான படத்தைப் போட்டார்கள். ஆசையாக உட்கார்ந்தாள். கதாநாயகி முதல் பாதி முழுக்க மரத்தைச் சுற்றி ஓடினாள், இரண்டாவது பாதி முழுக்க அழுதாள். ஏரியும் இல்லை, படகும் இல்லை. ராஜாத்தி எடுத்த படத்தின் கால்தூசிக்கு வராது இது என்று ஃபர்ஹத்துக்குத் தோன்றியது. அன்றைக்குத்தான் தான் செய்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. ஒரு பெண்ணின் படிப்பை ஒரு சட்டைக்காகக் கெடுத்துவிட்டோம் என்று குளியலறைக்குள் போய் அழுதாள். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கும் மேல் அந்த எண்ணம் அவளை விடவில்லை.

ஞானதாஸ் போட்ட உத்தரவு அவளுக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினோம், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்போம். மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, அவள் பொய்க்காரி இல்லை, நம்மிலேயே பெரிய ஆள் அவள்தான் என்று சொல்லவேண்டும். இதுதான் அவள் போட்ட கணக்கு. அதற்கு ராஜாத்தி வரவேண்டும். பொன்னேரிக்கு ஒரு பஸ், கும்மிடிப்பூண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து சுண்ணாம்புக்குளத்துக்கு ஒரு பஸ் என்று மாறி மாறிப் போய் இறங்கினாள்.

வீட்டில் ராஜாத்தியின் மகள் ஆர்த்தி இருந்தாள். கம்பெனியில் வேலை, அன்றைக்கு வாரலீவு. அம்மாவின் பள்ளித் தோழி என்றதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உங்கள் அம்மா உங்களுக்கெல்லாம் நிறைய கதை சொல்லியிருப்பாளே என்று ஃபர்ஹத் கேட்டாள். ஆர்த்தி சிரித்துவிட்டாள். "எங்கம்மாவா? நாலு வார்த்த பேசுனாலே அன்னிக்கு மழ வரும் ஆன்ட்டி" என்றாள். ஃபர்ஹத்துக்கு அது சரியாகப் படவில்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல இருந்தது.

ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நான்கைந்து பெண்கள் குனிந்து, தாடை நனைய நகர்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கைகளும் அடியில் சேற்றைத் தடவும். ஆகவே பிடித்ததைப் போட வைத்திருக்கும் பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில்தான் கடித்திருப்பார்கள். ஆர்த்தி கரையிலிருந்து குரல் கொடுத்ததும் ஒருத்தி நிமிர்ந்தாள். கரையேறிப் பறியை வாயிலிருந்து எடுத்தாள். முன்பல் இரண்டும் தேய்ந்து பாதியாகியிருந்தன.

"இன்னாக்கா, இறால் வேணுமா?" என்றாள். ஃபர்ஹத் பெயரைச் சொன்னாள். ராஜாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "நம்ம ஷுக்கூர் பாய் பொண்ணா? ஒடம்பு போட்டுட்ட" என்றாள்.

கரை மேட்டில் உட்கார்ந்தார்கள். மண்டபம், சாப்பாடு, பழைய பாட்டு, பழைய உடுப்பு என்று ஃபர்ஹத் எல்லாவற்றையும் விவரித்தாள். ராஜாத்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் பரீட்சையே எழுதவில்லை, தான் எப்படி அவர்களோடு சேர்த்தி என்று கேட்டாள். ஃபர்ஹத் மண்டபத்துக்காக வைத்திருந்ததெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டது. அன்றைக்கு வகுப்பில் தான் கேட்டது, அதனால் ராஜாத்தியின் படிப்பு போனது, இத்தனை வருஷம் அது தன் நெஞ்சில் கிடந்தது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள்.

ராஜாத்தி ஆச்சரியப்பட்டாள். "அதுக்கா இம்மாந்தூரம் வந்த? நீ ஒன்னும் என் படிப்ப நிறுத்தல. பொங்கலுக்கே நைனாவுக்குக் கால்ல கெளுத்தி முள்ளு ஏறி சீழு புடிச்சிக்கிச்சு. அம்மா ஒண்டியா இன்னா பண்ணும்? நீ கேட்ட அந்த வாரத்தோட இஸ்கூல் போதும்னு வூட்ல சொல்லிட்டாங்க. உன்கிட்ட சொல்லிக்கினு போலாம்னுதான் அன்னிக்கு வந்தேன்."

ஃபர்ஹத்துக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இருபது வருஷத்துக்கு மேல் தூக்கிச் சுமந்த பாரம் தன்னுடையதே இல்லை. தான் காரணமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்தாள், ராஜாத்தியின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்து வயதுப் பெண்ணைப் போல ஆகி, அப்படியானால் அந்தப் பொங்கல் படத்தின் மறுபாதியைச் சொல், அன்றைக்கு இடைவேளையில் நிறுத்திவிட்டாயே என்று நச்சரித்தாள்.

ராஜாத்தி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "அப்பல்லாம் ஞாயித்துக்கெழம பூரா தண்ணில கெடப்பேன். வாயில பறி. பேசவும் முடியாது, பாடவும் முடியாது. போஸ்டர்ல பாத்த மூஞ்சிங்கள வச்சிக்கினு எதனா நெனச்சுக்கினே இருப்பேன். குளுரே தெரியாது. திங்கக்கெழம உன்கிட்ட சொல்லணும்ன்றதுக்காவே நெனப்பேன். அந்த மறுபாதியக்கூட நெனச்சு வச்சிக்கினுதான் வந்தேன்."

"அப்ப சொல்லேன். நான் கேக்குறேன்."

"நீ பொய்யினுட்ட. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்பறம் தண்ணில எறங்கி எதனா நெனைக்க ஆரம்பிச்சாலே, ஐய பொய்யினு தோணும். படிப்பு தானா நின்னுச்சு ஃபர்ஹத்து. இது நீ நிறுத்துனது."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஃபர்ஹத் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். கடைசி பஸ் எப்போது என்று ராஜாத்தி விசாரித்தாள். நேரமாகிவிட்டால் ஆட்டோ கிடைக்காது என்று அக்கறையாகச் சொன்னாள். மண்டபத்துக்கு வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை. மற்றப் பெண்கள் தூரம் போய்விட்டிருந்தார்கள். ராஜாத்தி எழுந்து சேலையைச் செருகிக்கொண்டாள்.

அவள் தண்ணீரில் கால் வைப்பதற்குள் ஃபர்ஹத் கேட்டுவிட்டாள்: "இப்பல்லாம் தண்ணில இருக்கும்போது இன்னாதான்டி நெனைப்ப?"

"இறாலத்தான்" என்றாள் ராஜாத்தி.